சித்தப்பாவின் சிவப்புத் துண்டு

கிரிக்கெட் மாட்ச் என்றால் எல்லோரும் பேட்ஸ்மேனைப் பார்ப்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் பௌலரின் விரலைப் பார்ப்பார்கள். என் கண் மட்டும் பவுண்டரிக்கு வெளியே போய், தோளில் துண்டு போட்ட ஆசாமி எவராவது உட்கார்ந்திருக்கிறாரா என்று தேடும். கெட்ட பழக்கம்தான். என்ன செய்வது? 1999 மே மாதம் சேத்தியாத்தோப்பில் பட்ட அடி அப்படி!

அந்த மாதம் 15-ம் தேதி. உலகக் கோப்பை. இங்கிலாந்தில் ஹோவ் என்கிற ஊரில் இந்தியாவுக்கும் தென் ஆப்பிரிக்காவுக்கும் மாட்ச். எங்கள் சித்தப்பா வீட்டு டி.வி. முன்னால் தெருவே உட்கார்ந்திருந்தது. கங்குலி 97 அடித்து, மூன்றே ரன்னில் செஞ்சுரியைக் கோட்டை விட்டதற்காக எல்லோரும் 'உச்' கொட்டிக்கொண்டிருந்தபோது, சித்தப்பா மட்டும் வேறொரு விஷயத்தில் மூழ்கியிருந்தார். தென் ஆப்பிரிக்க கேப்டன் ஹான்சி க்ரோனியேயின் காதில் ஏதோ ஒரு குட்டி மிஷின்! பெவிலியனில் கோச் பாப் உல்மர் ஓத, இங்கே இவர் கேட்டுக்கொள்கிறார். ஃபாஸ்ட் பௌலர் ஆலன் டொனால்டு காதிலும் அதே மிஷின்.

தண்ணீர் குடிக்கிற இடைவேளையில் மாட்ச் ரெஃப்ரி தலையிட்டு 'கழற்று' என்று சொல்லிவிட்டார். இதில் வேடிக்கை என்னவென்றால், அன்றைய தேதியில் அதைக் கூடாது என்று சொல்லும் சட்டம் எதுவும் கிடையாது. ஆகவே தண்டனையும் கிடையாது. தடையெல்லாம் அப்புறம்தான் வந்தது. மிஷினைக் கழற்றியும் தென் ஆப்பிரிக்கா நாலு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது என்பது வேறு விஷயம்.

சித்தப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்:

"காதுல மிஷின் வெச்சாத்தானேடா தப்பு? தோள்ல துண்டு போட்டா எவன் கேப்பான்?"

விதி சிரித்தது. எங்களுக்குக் கேட்கவில்லை.

* * *

சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை ஆலையில், கரும்பு வண்டிகளை எடை போடும் இடத்தில் உத்தியோகம். கிரிக்கெட் ஆடியதே இல்லை. வாழ்க்கையில் அவர் பிடித்த ஒரே கேட்ச், சித்தி அடுக்களையிலிருந்து வீசிய கரண்டி. ஆனால், எங்கள் தெரு டீமுக்கு அவர்தான் கோச். காரணம், டோர்னமென்ட்டுக்குக் கட்ட வேண்டிய 101 ரூபாயைக் கொடுத்தவர் அவர். உலகம் முழுக்க கோச்சுகளை இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்களோ என்னவோ!

வெள்ளாற்றுப் பக்கம் அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயல்தான் மைதானம். டென்னிஸ் பந்து. பன்னிரண்டு ஓவர். டீமின் முக்கியமான பௌலர், சாட்சாத் அடியேன்தான். வயசு பதினேழு. மீசை வரலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பருவம்.

சித்தப்பா ஈஸி சேரைப் போட்டு எல்லைக்கோட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்வார். சிவப்புத் துண்டு இடது தோளில் இருந்தால் நான் யார்க்கர் போட வேண்டும். வலது தோளில் இருந்தால் ஸ்லோ பால். கழுத்தைச் சுற்றி இருந்தால் ஷார்ட் பிட்ச். தலையில் முண்டாசாக ஏறிவிட்டால் 'நீ போட்டது போதும், பந்தை வேற எவன்கிட்டயாவது குடு' என்று அர்த்தம்.

முதல் மாட்சில் எதிராளிகள் 41 ரன்னில் சுருண்டார்கள். எனக்கு ஒரே பெருமை. தெருவில் நடக்கும்போது காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன். உள்ளுக்குள் மட்டும் ஒரு குரல், 'டேய், பந்து போட்டது கைதான். போட்டவர் சித்தப்பா' என்று முணுமுணுத்தது. பதினேழு வயதில் உள்குரலையெல்லாம் எவன் கேட்கிறான்?

இரண்டாவது மாட்ச் பக்கத்து ஊர் டீமோடு. பின்னி எடுத்துவிட்டார்கள்! யார்க்கர் போட்டால் ஓரடி இறங்கி வந்து ஃபுல்டாஸ் ஆக்குகிறான். ஸ்லோ பால் போட்டால் நிதானமாகக் காத்திருந்து, கொட்டாவி விட்டு, அப்புறம் அடிக்கிறான். ஏதோ ஜாதகம் சரியில்லை என்று நினைத்துக்கொண்டோம்.

* * *

துண்டு வைத்து ஆட்டம் ஆடினோம் என்று சிரிக்காதீர்கள் சார். இதே விவகாரத்தில் அமெரிக்காவே சந்தி சிரித்திருக்கிறது.

அங்கே காலேஜ் ஃபுட்பால் என்று ஒன்று உண்டு. பேர்தான் ஃபுட்பால். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். நம் சடுகுடுவையும், தீபாவளிக்கு முந்தின நாள் ரங்கநாதன் தெருவையும் கலந்தால் எப்படி இருக்கும், அப்படி. ஒவ்வொரு தடவை பந்தை எடுப்பதற்கு முன்னாலும் கோச் ஒரு திட்டம் சொல்ல வேண்டும். லட்சம் பேர் கத்துகிற மைதானத்தில் எப்படிச் சொல்வது? தொழில்முறை லீகில் 1994-லேயே ஹெல்மெட்டுக்குள் ரேடியோ வைத்துவிட்டார்கள். காலேஜ் பையன்களுக்கு மட்டும் முப்பது வருஷம் அந்த பாக்கியம் கிடைக்கவில்லை. ஆகவே கையை ஆட்டுவார்கள், காதைத் தொடுவார்கள், படம் ஒட்டிய பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்டுவார்கள். மூன்று பேர் ஒரே சமயத்தில் கதகளி ஆடுவார்கள். அதில் ஒருத்தர்தான் நிஜம், மற்றவர்கள் டூப்!

எதிராளி இதை மைதானத்திலேயே கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்தால் தப்பில்லை. ஆனால், அடுத்து மோதப் போகிற டீமின் மாட்சுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பி உளவு பார்ப்பது தப்பு. 2023-ல் மிச்சிகன் பல்கலைக்கழக டீமில் வேலை பார்த்த கானர் ஸ்டாலியன்ஸ் என்பவர் இதில்தான் மாட்டினார். எதிரி டீம்களின் மாட்சுகளுக்கு டிக்கெட் வாங்கிக் கொடுத்து, ஆட்களை அனுப்பி, சைகைகளை செல்போனில் படம் பிடிக்க வைத்தார் என்பது புகார். கோச் ஜிம் ஹார்பாவுக்கு மூன்று மாட்ச் தடை. ஆனாலும் டீம் ஒன்றில்கூடத் தோற்காமல் 2024 ஜனவரியில் சாம்பியன் ஆகிவிட்டது. திருடித்தான் ஜெயித்தார்களா, திருடாமலே ஜெயித்திருப்பார்களா என்று அங்கே பட்டிமன்றம் முடிந்தபாடில்லை.

கடைசியில் 2024 ஏப்ரலில் காலேஜ் ஹெல்மெட்டுக்கும் ரேடியோ வந்தது. மைதானத்தில் ஒரு டீமுக்கு ஒரே ஒரு ஆளுக்குத்தான் அது உண்டு. அடையாளத்துக்கு அவர் ஹெல்மெட்டில் ஒரு பச்சைப் பொட்டு. சரி, இனி திருட முடியாது என்று பெருமூச்சு விட்டார்கள். சீஸன் பாதியில்தான் தெரிந்தது, அந்த ரேடியோப் பேச்சை யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டவே இல்லை என்று! பூட்டு வாங்கிக் கதவில் தொங்கவிட்டு, சாவியை அதிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போன கதை. அவசர அவசரமாகச் சரி செய்தார்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த ஷரத்து ஒன்று உண்டு. பந்தை எடுக்க வேண்டிய கெடுவில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது ரேடியோ தானாக 'கட்' ஆகிவிடும். அப்புறம் கோச் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அந்தப் பதினைந்து விநாடி, பையன் தனி ஆள்.

இந்தப் பதினைந்து விநாடியை ஞாபகத்தில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

* * *

நம் பக்கமும் சளைத்தவர்கள் இல்லை. 2020 டிசம்பரில் கேப் டவுனில் நடந்த டி-20 மாட்சில் இங்கிலாந்து டீமின் கணக்குப்பிள்ளை நாதன் லீமன், பால்கனியில் '4ஈ', '2சி' என்று அட்டைகளை மாட்டி வைத்தார். கீழே கேப்டன் மார்கன் நிமிர்ந்து பார்த்துக்கொண்டார். மாட்ச் ரெஃப்ரியிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார்கள். மறு வருஷம் ஐ.பி.எல்.லில் கொல்கத்தா டீமுக்கும் அதே லீமன், அதே மார்கன். இந்தத் தடவை அட்டையில் '54'. ஏதோ ரேஷன் கடை டோக்கன் என்று நினைத்தவர்களும் உண்டு.

2022 ஆசியக் கோப்பையில் இலங்கை-பங்களாதேஷ் மாட்ச். இலங்கை கோச் கிறிஸ் சில்வர்வுட், '2டி', 'டி5' என்று அட்டை வைத்தார். 2020-ல் இங்கிலாந்து கோச்சாக இருந்தவரும் இவரேதான். போகிற இடத்துக்கெல்லாம் அட்டையையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போவார் போலிருக்கிறது! இலங்கை அந்த மாட்சை ரெண்டு விக்கெட்டில் ஜெயித்து, கடைசியில் கோப்பையையும் தூக்கியது.

அட்டை ஓகே. ஆனால் டி.ஆர்.எஸ். கேட்பதற்கு மட்டும் பெவிலியன் பக்கம் திரும்பக்கூடாது. 2017-ல் பெங்களூர் டெஸ்ட்டில் எல்.பி.டபிள்யூ. ஆன ஸ்டீவ் ஸ்மித், 'அப்பீல் பண்ணலாமா?' என்று டிரெஸ்ஸிங் ரூமைப் பார்க்க, கோலி குதித்தார் பாருங்கள் ஒரு குதி! ஒரு கணம் மூளை வேலை செய்யவில்லை என்று ஸ்மித் பிறகு சமாதானம் சொன்னார். ரிவ்யூ கேட்கக் கொடுக்கும் அவகாசம் எவ்வளவு தெரியுமோ? அதுவும் அதே 15 விநாடி!

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது 2024 அக்டோபர், புனே டெஸ்ட். நியூஸிலாந்துக்கு எதிராக நம்ம சென்னைப் பையன் வாஷிங்டன் சுந்தர் பந்து போடுகிறார். விக்கெட்டுக்குப் பின்னாலிருந்து ரிஷப் பந்த், 'முன்னால் போடு, கொஞ்சம் வெளியே போடு' என்று இந்தியில் யோசனை சொல்கிறார். வாஷிங்டனும் அப்படியே போட, அஜாஸ் படேல் இறங்கி வந்து பௌண்டரி! இவனுக்கு இந்தி தெரியும் என்று எனக்கெப்படித் தெரியும் என்கிற ரீதியில் பந்த் புலம்பியது ஸ்டம்ப் மைக்கில் பதிவாகி, உலகமே கேட்டது. அஜாஸ் பிறந்தது பம்பாயில் சார்! எட்டு வயதில்தான் நியூஸிலாந்து போனார். 2021-ல் அதே பம்பாயில் ஒரே இன்னிங்ஸில் நம்முடைய பத்து விக்கெட்டையும் எடுத்த மனிதர். அவருக்கு எதிரே இந்தியில் ரகசியம்!

தமிழில் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம் என்று நம் ஊர் டீக்கடைகளில் அன்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. பந்துக்குத் தமிழ் தெரிய வேண்டும் என்கிற சின்ன விஷயத்தை யாரும் கவனிக்கவில்லை. ஆனால் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் அதே அஜாஸை நாலே ரன்னில் க்ளீன் போல்டாக்கினார் வாஷிங்டன். அன்றைக்கு அவருக்கு 59 ரன்னுக்கு ஏழு விக்கெட்!

* * *

சேத்தியாத்தோப்புக்கு வருவோம். லீக் முடிந்தபோது ஐந்து டீம்களில் மூன்று டீம்களுக்குச் சமமான பாயிண்ட். தலைக்கு மூன்று வெற்றி, ஒரு தோல்வி. நாங்கள் பக்கத்து ஊரிடம் தோற்றோம். பக்கத்து ஊர் மேலத்தெருவிடம் தோற்றது. மேலத்தெரு எங்களிடம் தோற்றது. இதில் எந்த ரெண்டு பேர் ஃபைனல்?

புளியமரத்தடியில் கமிட்டி கூடியது. கணக்கு வாத்தியார், ரிடையர்டான போஸ்ட்மேன், கோப்பை உபயம் செய்த டெய்லர். ரன் ரேட் போடலாம் என்றார் வாத்தியார். போடலாம்தான்; ஆனால் மேலத்தெரு மாட்ச் ஒன்றின் ஸ்கோர் நோட்டில் ரெண்டு ஓவர் மேல் டீ கொட்டியிருந்தது. வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தீர்ப்பு சொன்னார்: "அந்த ரெண்டு ஓவரும் நடக்கவே இல்லைன்னு வெச்சுக்குவோம்." மேலத்தெரு வெளியே!

"நாங்க ஜெயிச்ச டீம் ஃபைனல்ல ஆடுது, நாங்க வேடிக்கை பாக்கணுமா?" என்று அவர்கள் கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை.

இதுவும் அமெரிக்காவில் உண்டு. காலேஜ் டீம்களைத் தரவரிசைப்படுத்த 13 பேர் கமிட்டி. 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் டீம் ஆடிய 13 மாட்சையும் ஜெயித்தது. ஆனாலும் கடைசி நாலு பேரில் இடம் கிடையாது! முக்கிய ஆட்டக்காரர் காலை ஒடித்துக்கொண்டார், அவர் இல்லாத டீம் பழைய டீம் அல்ல என்பது கமிட்டியின் வாதம். அடுத்த வருஷமே நாலை பன்னிரண்டாக்கினார்கள். எட்டாவதாக உள்ளே வந்த ஓஹியோ ஸ்டேட் டீம் கோப்பையைத் தூக்கியது! முந்தின கணக்குப்படி அவர்கள் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்திருக்க வேண்டும்.

நம்ம சி.எஸ்.கே. மட்டும் என்ன? 2024 மே 18, பெங்களூர். ஆர்.சி.பி. 218. நாம் 219 அடித்து ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்துத் தோற்றாலே ப்ளே ஆஃப்! தோற்றால் போதும் என்று சாமியை வேண்டிக்கொண்ட முதல் ராத்திரி அதுதான். கடைசி ஓவரில் 17 வேண்டும். முதல் பந்தில் தோனி சிக்ஸர். அடுத்த பந்தில் அவுட். 191-ல் முடிந்தது. ரெண்டு டீமுக்கும் 14 பாயிண்ட். ரன் ரேட் 0.459-க்கு 0.392. தசம புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் விதி அது. டீ கொட்டினாலும் கொட்டாவிட்டாலும் எவனாவது ஒருவன் அழுதுதான் ஆக வேண்டும்.

* * *

ஃபைனல். பக்கத்து ஊருக்கு எதிராக மறுபடி நாங்கள். மறுபடி அதே கதை. யார்க்கர் போட்டால் இறங்கி வருகிறான், ஸ்லோ போட்டால் காத்திருக்கிறான்.

சித்தப்பாவின் ஈஸி சேருக்குப் பக்கத்தில் எட்டு வயதுப் பொடியன் ஒருத்தன், ஒவ்வொரு மாட்சுக்கும் வந்து உட்கார்ந்துகொள்வான். பாவம் என்று சித்தப்பா அவனுக்கு தினமும் குச்சி ஐஸ் வாங்கிக் கொடுப்பார். அவன் அவ்வப்போது மைதானத்தைப் பார்த்து, "மாமா... சேமியா ஐஸ்!" என்று கத்துவான். சில சமயம், "மாமா... பால் ஐஸ்!" எப்போதாவது, "கிரேப் ஐஸ்!" குழந்தைதானே, கேட்கட்டும் என்று விட்டிருந்தோம்.

பதினோராவது ஓவர் முடியும்போது சித்தப்பாவுக்கு ஏதோ உறைத்தது. ஐஸ் வண்டிக்காரன் போய் ஒரு மணி நேரமாகிறது. இவன் யாரிடம் சேமியா ஐஸ் கேட்கிறான்? துண்டைப் பார்த்தார். இடது தோளில் இருந்தது. பரீட்சார்த்தமாக வலது தோளுக்கு மாற்றினார்.

"மாமா... பால் ஐஸ்!"

எதிர் டீமில் பேட் பிடித்துக்கொண்டிருந்தவன்தான் அந்த மாமா! உளவாளிக்கு ஐஸ் செலவு நம்முடையது!

கடைசி ஓவர். அவர்களுக்கு ஏழு ரன் வேண்டும். பந்து என் கையில். வழக்கப்படி வரப்பைப் பார்த்தேன். சித்தப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். நாலாக மடித்தார். ஈஸி சேரில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, வெள்ளாற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஐந்து மாட்சாக ஒரு பந்துகூட நானாக யோசித்துப் போட்டதில்லை. யார்க்கரா, ஸ்லோவா? பொடியனும் சத்தமில்லை. மைதானமே அமைதி. பேட்ஸ்மேனும் என்னைப் போலவே வரப்பைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் கரண்ட் கட்!

முதல் பந்து வைட். அப்புறம் ஒரு ரன். அடுத்தது டாட். ரெண்டு ரன். அதற்கடுத்தது... சத்தியமாக நானே யோசித்துப் போட்ட யார்க்கர்... நடு ஸ்டம்ப் எகிறியது! பொடியனின் மாமா நடையைக் கட்டினார். அடுத்து வந்தவனுக்கு ஒரு டாட். கடைசிப் பந்து, மூன்று ரன் வேண்டும். ஸ்லோ பால் என்று முடிவு செய்தேன். நானே, நானாக. போட்டேன். அவன் காத்திருந்து, வரப்புக்கு அந்தண்டை அனுப்பிவிட்டான். ஃபோர்!

தோற்றோம். 1,001 ரூபாயும் கோப்பையும் பக்கத்து ஊருக்குப் போயின. எங்களுக்கு ரெண்டாம் பரிசாக விருத்தாசலம் பீங்கான் கப் அண்ட் சாஸர், அரை டஜன். பதினோரு பேருக்கு ஆறு கப்! அந்தச் சண்டை தனிக் கதை.

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"ஜெயிச்ச மூணு மாட்ச்சும் என் துண்டு போட்ட பந்துடா. இந்த ஒரு ஓவர்தான் உன் பந்து. அந்த யார்க்கர் நல்லா இருந்துச்சு."

அதற்கப்புறம் அவர் துண்டை வியர்வை துடைக்க மட்டுமே பயன்படுத்தினார்.

* * *

இப்போது ஆபீஸில் இருக்கிறேன். ஐந்து நிமிஷத்துக்கொரு தரம் மானேஜரிடமிருந்து வாட்ஸ்அப். 'அந்த மெயிலுக்கு இப்படிப் பதில் போடு.' 'அந்தப் பார்ட்டியிடம் இதைச் சொல்லு, அதைச் சொல்லாதே.' நல்ல மனுஷர்தான். சொல்கிறபடி செய்தால் தப்பு வராது. வந்தாலும் என் தப்பில்லை. சௌகரியமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் ஒரு நாள் அவர் விமானத்தில் இருந்தபோது ஒரு பார்ட்டி எதிரே வந்து உட்கார்ந்து, 'சரியா, இல்லையா, இப்பவே சொல்லுங்க' என்றார். சட்டென்று நிமிர்ந்து வரப்பைத் தேடினேன். ஏ.ஸி. மிஷின்தான் தெரிந்தது. ஒரு பதினைந்து விநாடி யோசித்துவிட்டு 'சரி' என்றேன். அது யார்க்கரா, வைடா என்று இந்த வருஷக் கடைசியில்தான் தெரியும்.

போன மாதம் சேத்தியாத்தோப்பு போயிருந்தேன். சித்தப்பாவுக்கு எழுபத்து நாலு. திண்ணையில் அதே ஈஸி சேர். காதில் ஒரு மிஷின்!

"என்ன சித்தப்பா, க்ரோனியே மாதிரி?" என்றேன். சத்தம் போட்டுச் சிரித்தார். அமெரிக்க ஹெல்மெட் ரேடியோ, பச்சைப் பொட்டு, பதினைந்து விநாடி என்று எல்லாம் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

உள்ளேயிருந்து சித்தியின் குரல் கிளம்பியது. "ஏங்க... கரண்ட் பில்லு கட்டச் சொல்லி எத்தனை நாளாச்சு... கூரையில ஓடு மாத்தணும்னு சொன்னேனே... டாக்டர் வெத்திலை போடக் கூடாதுன்னு..."

சித்தப்பா காதிலிருந்து மிஷினைக் கழற்றினார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பீங்கான் கப்பில் இருந்த காபியை எடுத்து ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பதினஞ்சு செகண்ட் ஆயிடுச்சுடா!"